ஏழாம் எண் மேசை

மொன்றியாலில் ஜூலை முதல் தேதி
ஊரே ஒரே நாளில் வீடு மாறும்.
நடைபாதையில் குவிந்து கிடக்கும்
மூன்று கால் நாற்காலி,
மூடியில்லாத கெட்டில், பாதி அலமாரி,
மெத்தைகள்.
மெத்தையை மட்டும் தொடாதே என்றாள் மரிவோன்,
மூட்டைப்பூச்சி வாடகை தராது.

எனக்கு இரண்டாம் மாடியில் இரண்டு அறை,
ஒரு மடக்குக் கட்டில், நாற்பது டாலர்.
சாமான்களைப் பிரித்தபோது
சாப்பாட்டு மேசையை லுடோவிக் எடுத்துக்கொண்டான்.
நான் எடுத்தது பாஸ்தா வடிக்கும் வடிதட்டு.
ஏன் அதை, என்று அவனும் கேட்டான்.

கரியேர் தெரு முனையில்
ஒரு மேப்பிள் மரத்தில் சாய்ந்திருந்தது கதவு.
பித்தளையில் எண் ஏழு,
எட்டிப் பார்க்கும் கண்ணாடி, தபால் துளை,
பூட்டு உட்பட.
பூட்டியும் இல்லை, திறந்தும் இல்லை.

இந்த ஊரில் படிக்கட்டுகள் வீட்டுக்கு வெளியே
இரும்பில் திருகாணியாகச் சுற்றும்.
தலைப்பக்கம் மரிவோன், கால்பக்கம் நான்.
பிணம் தூக்குகிறோமோ என்று
எதிர் பால்கனியில் ஒருவர் சிகரெட்டை இறக்கினார்.
கடைசித் திருப்பத்தில்
அந்தக் கதவு உள்ளே வர
என் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்,
முகமூடி போட்டு, நனைத்து நனைத்துத் தேய்த்தேன்.
பழுப்புக்கு அடியில் மஞ்சள்,
மஞ்சளுக்கு அடியில் சாம்பல்,
அதற்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலம்.
யாரோ ஒரு வசந்தத்தில்
நம்பி வாங்கிய நீலம்.
தோள் விட்டுப்போயிற்று. அங்கேயே நிறுத்தினேன்.
வேண்டுமென்றே விட்டது என்று
வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

கால்களுக்கு,
கீழ்வீட்டு ஒக்டாவின் அணி உடைத்த ஹாக்கி மட்டைகள்.
இரண்டிரண்டாகச் சேர்த்துத் திருகினால் நான்கு.
வளைந்த பாதங்களை வெளியே திருப்பி
விசிலுக்குக் காத்து நிற்கிற மாதிரி நின்றது.
ஒரு கால் குட்டை.
பீர் மூடி ஒன்றை ஒட்டினேன்.

சுவருக்கு,
பெயின்ட் கடையில் தப்பாகக் கலந்த டப்பாக்களின் தட்டு.
நான்கு டாலருக்கு ஒரு பச்சை.
கேட்டவர் மனதில் இருந்தது வேறு பச்சை.
ஒரு சுவர் முடிந்தது.
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போதவில்லை,
ஃப்ரிட்ஜும் எதுவும் சொல்லவில்லை.

வடிதட்டைக் கவிழ்த்து பல்பின் மேல் தொங்கவிட்டேன்.
கூரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.
லுடோவிக், இதற்குத்தான்.

ஒக்டாவ் மேசைக்கு அடியில் மல்லாந்து
கண்ணாடி வழியாக என் சூப்புக் கிண்ணத்தின்
அடிப்பாகத்தைப் பார்க்கிறான்.
ரொட்டித் துகளைத் தபால் துளைக்குள் தள்ளுகிறேன்.
கீழே வாளி.
கடிதம் வந்திருக்கிறது, என்பான் அவன்.

அக்டோபரில் ஒருவர் வந்தார்,
ஐந்து டாலருக்கு விளம்பரம் செய்த நாற்காலியோடு.
கெய்த்தான் என்று பெயர். மூச்சு வாங்கியது.
நாற்காலியை இறக்கி வைத்தவர்
நிமிரவில்லை.
ஏழு என்றார்.

இருபத்தாறு வருஷம்.
புது முதலாளி வந்தான்,
புதுக் கதவு, புது வாடகை.
கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.
திருப்பிக் கேட்கவே இல்லை அவர்கள், என்றார்,
நான் கேட்காத கேள்விக்கு.

சாப்பிடும் பலகையின் மேல் குனிந்து
சாவியை நேராகக் கீழ்நோக்கி நுழைத்தார்.
கொஞ்சம் தூக்கித் திருப்பினார்.
ஓரத்திலிருந்து பூட்டின் நாக்கு பாய்ந்து
என் இடுப்பில் குத்தியது.
நான் கத்தினேன்.
அவர் சிரித்துவிட்டார்,
பிறகு மன்னிப்புக் கேட்டார்,
பிறகு ஐந்து டாலரை எண்ணி வாங்கிக்கொண்டு
படியிறங்கினார்.

சாவி அவரிடம்.
நாக்கை நீட்டியபடியே நிற்கிறது மேசை.
கை துடைக்கும் துணியை
அதில்தான் மாட்டுகிறேன்.